சொந்தக்காரர் இல்லாத ஊர்கள்

எந்தப் பயணத்துக்கும் திரும்பி வருகிற ரயிலை முதலில் எழுதிவைக்கும் என் அண்ணைக்கு,

லண்டன் குட்மேய்ஸிலிருந்து தேவகி எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. நீங்கள் போய் ஒரு வருஷமாகிறது. திதி புதன்கிழமை வருகிறது. சனம் வந்துபோக வசதியாக மத்தியானச் சாப்பாட்டை ஞாயிற்றுக்கிழமை ஹரோவில் ஒரு ஹோலில் வைத்திருக்கிறோம். சுவிஸிலிருந்து பூமணி மாமியும் வருகிறா.

உங்கள் நினைவு மலர் டூட்டிங்கில் அச்சாகிறது. மாதிரிப் பிரதியைப் போய்ப் பார்த்தேன். மேலட்டையில் ஒரு விளக்கு, ஒரு தாமரை, நடுவில் உங்கள் பாஸ்போட் படம். வாழ்நாளில் நீங்கள் கட்டாத டை ஒன்றைக் கம்ப்யூட்டரில் கட்டிவிட்டிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் 'திடீர் மாரடைப்பினால் எம்மை விட்டுப் பிரிந்த' என்று போட்டிருந்தது. பத்தாம் பக்கம் வெறுமையாக இருந்தது. அது எனக்காம். 'சகோதரியின் கண்ணீர்' என்று தலைப்பு மட்டும் அடித்து வைத்திருந்தார்கள்.

அச்சகக்காரர் நல்ல மனுஷன். "அக்கா, எங்களிட்டை நாலைஞ்சு கவிதை ரெடியா இருக்கு. தங்கச்சி அண்ணைக்கு எழுதின மாதிரி. பேரை மட்டும் மாத்தினால் காணும்," என்றார். நான் வேண்டாம் என்றேன். நானே எழுதுகிறேன், பக்கம் கூடினால் தேவாரத்தில் இரண்டைக் குறையுங்கோ என்றேன். அவருடைய முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது.

ஆகவே இது உங்களுக்கு எழுதுகிற கடிதம். ஹரோவில் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எல்லோரும் வாசிக்கப்போகிற கடிதமும் இதுதான். வாசிக்கட்டும்.

எனக்கு பிரிட்டிஷ் பாஸ்போட் கிடைத்த அன்று முதலில் உங்களுக்குத்தான் போன் எடுத்தேன். பதினெட்டு வருஷமாக நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நீங்கள் பேர்ணில், நான் லண்டனில். இரண்டு மணித்தியாலம்கூடப் பறக்கத் தேவையில்லாத தூரம். முதலில் உங்களிடம் விசாப் பேப்பர் இல்லை, பிறகு என்னிடம் இல்லை, பிறகு மதுரா பிறந்தாள், பிறகு இவருக்கு வேலை போனது. "அண்ணை, யூலைக் கடைசியிலை மதுராவையும் கூட்டிக்கொண்டு வாறன்," என்றேன். உங்கள் பக்கத்தில் சத்தமில்லை. போன் கார்ட் முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்து ஹலோ, ஹலோ என்றேன்.

"நிக்கிறன் பிள்ளை," என்றீர்கள். "எத்தினை நாள்?"

"ஒரு கிழமை."

"அப்ப நல்லாப் பிளான் பண்ணவேணும்."

அந்தச் சின்ன மௌனம் ஏன் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போனீர்கள் என்று நினைத்தேன். சந்தோஷமும் இருந்திருக்கும், இல்லையா அண்ணை?

பிறகு ஒவ்வொரு கிழமையும் தபாலில் ஒரு தாள் வந்தது. கட்டம் போட்ட கொப்பித் தாள். ஒரு நாளுக்கு ஒரு தாள். பயண நாள் தாளில் எல்லாம் மேலே சிவப்பு மையில் திரும்பும் ரயிலின் நேரம், கீழே இரண்டு கோடு. அதற்குப் பிறகுதான் போகும் ரயில், பெட்டியில் எந்தப் பக்கம் இருந்தால் வாவி தெரியும், ஸ்டேஷனில் டொய்லெட் எங்கே, எந்த இடத்தில் நிழல். நான் எல்லாவற்றையும் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். இவர் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் நின்று வாசிப்பார். "உம்மடை அண்ணை ஹோட்டல் குசினியிலையோ வேலை செய்யிறார், ஸ்டேஷன் மாஸ்டரோ?" என்று கேட்பார்.

பேர்ண் ஒரு நாட்டின் தலைநகரம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அரை நாளில் நடந்து முடித்துவிடலாம் என்றீர்கள். ஆனால் எங்கே போவதற்கும் நடுவில் இருக்கிறதாம். காலையில் வெளிக்கிட்டால் பின்னேரத் தேத்தண்ணிக்கு வீட்டில் நிற்கலாமாம். மதுராவுக்குப் பெரிய பனிமலைக்குப் போக ஆசை. அது முழுநாள் அலைச்சல், சரிவராது என்று ஒரே வெட்டு. ஜெனீவா தூரம். இத்தாலிப் பக்கம் பேச்சே இல்லை. எங்கே கேட்டாலும், "அஞ்சு மணிக்கு வீட்டை நிக்கிற மாதிரி இருக்கவேணும்," என்றீர்கள். திங்கள், புதன், வெள்ளியில் உங்களுக்கு ஒரு மணியிலிருந்து ஷிப்ட், அந்த நாட்களில் பயணமே கிடையாது. தனியாக இருந்து இருந்து மனுஷன் மணிக்கூட்டோடு குடும்பம் நடத்தப் பழகிவிட்டார் என்று இவருக்குச் சொல்லிச் சிரித்தேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம் மற்றது. சொந்தக்காரர் இருக்கிற ஊருக்குப் போகக்கூடாது.

எங்கள் சனம் பயணம் போகிற விதம் தெரிந்ததுதானே. பாரிசுக்குப் போய்வந்தவர்களைக் கேட்டால், கோபுரத்தைக் காருக்குள் இருந்து பார்த்தோம் என்பார்கள். காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு, பின்னேரம் ஒரு வீடு. எல்லா வீட்டிலும் ஒரே சோபா, ஒரே ரோல்ஸ், ஒரே கலியாண வீடியோ. ஒரு வீட்டை விட்டால் அடுத்த பத்து வருஷத்துக்கு அதுதான் கதை. நான் சூரிச், பாசல், பீல் என்று சொந்தக்காரரின் பட்டியலைச் சொல்லச் சொல்ல நீங்கள் வெட்டிக்கொண்டே போனீர்கள். "சோபாவிலை இருந்து ரோல்ஸ் தின்னவோ சுவிசுக்கு வாறாய்? அது குட்மேய்ஸிலையே கிடைக்கும்," என்றீர்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. தூண், முர்ட்டன், கண்டர்ஸ்டேக் என்று எங்களை யாருக்கும் தெரியாத ஊர்களாகத் தேடி எடுத்தீர்கள்.

பூமணி மாமியை வெட்டியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவின் கூடப்பிறந்தவர்களில் மிஞ்சியிருப்பது மாமி ஒருத்திதான். பேர்ணிலிருந்து பீலுக்கு ரயிலில் அரை மணித்தியாலம். உங்களுக்குத் தெரியாமல் மாமிக்குப் போன் எடுத்தேன். எடுத்த உடனேயே அழுதா. "மூண்டு வருஷமா இஞ்சாலை எட்டிப் பாக்கேல்லை பிள்ளை. தீபாவளிக்குக் கூப்பிட்டன், வருஷப்பிறப்புக்குக் கூப்பிட்டன். ஒவ்வொருக்காலும் வேலை எண்டு சொல்லுறான். நான் என்ன பிழை செய்தனான்?" என்றா.

உங்களுக்குள் ஏதோ மனக்கசப்பு, அதைத் தீர்த்துவைக்க நான்தான் சரியான ஆள் என்று முடிவுகட்டினேன். என் புத்தி அப்படித்தான் போகும். அந்தக் கிழமையின் வெள்ளிக்கிழமையை மாமியோடு பேசி ஒழுங்கு செய்தேன். உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்களுடைய ஏழு தாளும் பிரிட்ஜ் கதவில் இருந்தன. எட்டாவது தாள் என் தலைக்குள் இருந்தது.

பேர்ண் ஸ்டேஷனில் உங்களைக் கண்டபோது நான் முதலில் சொன்னது, "என்ன அண்ணை, காய்ஞ்சுபோனியள்." கட்டிப்பிடித்து அழ வேண்டிய நேரத்தில் அதைத்தான் சொன்னேன். முப்பது பாகை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தீர்கள். மதுரா காதுக்குள், "மாமா மஸ்ட் பி ரோஸ்டிங்," என்றாள்.

அந்தக் கிழமை நான் பார்த்த ஒவ்வொன்றையும் இப்போது திரும்பப் பார்க்கிறேன். ஒரு சின்னக் கண்ணாடிக் குவளை வைத்திருந்தீர்கள். ஒரு நாளைக்கு அந்தக் குவளையால் அளந்துதான் தண்ணீர். தாகம் எடுத்தால் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொள்வீர்கள். உருளைக்கிழங்கை ஒரு தரம் அவித்து, அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டு, திரும்பவும் அவிப்பீர்கள். "ரெண்டு தண்ணி வடிச்ச கிழங்கிலை என்ன இருக்கு? சுவிஸ்காரன் சாப்பிடுறது இதுவோ?" என்று கேட்டேன். "வயித்துக்கு இதுதான் நல்லம்," என்றீர்கள். சாப்பாட்டோடு ஒரு குளிசை போட்டீர்கள். அதுவும் வயித்துக்கு.

நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறவள், அண்ணை. இல்ஃபோர்டில் கவுண்டருக்குப் பின்னால் நின்று நாள் முழுக்கக் குளிசைப் பெட்டி எடுத்துக் கொடுக்கிறவள். அந்தப் பெட்டியைக் கையில் எடுத்திருந்தால் அது என்ன நோய்க்கு என்று சொல்லியிருப்பேன். உங்கள் குசினி அலுமாரிக்குள் இருந்தது. நான் சீனி எடுக்க அந்த அலுமாரியைத் தினமும் திறந்தேன்.

திங்கட்கிழமை நீங்கள் ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்கு வந்தீர்கள். முகம் வெளிறி, சட்டையைக்கூட மாற்றாமல் சோபாவில் சாய்ந்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது. "பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு தங்கச்சி வந்திருக்கிறன். ஒரு கிழமை லீவு கேக்க ஏலாதோ? அந்த முதலாளி என்ன மனுஷனோ?" என்றேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, "கேட்டுப் பாக்கிறன்," என்றீர்கள். புதன்கிழமை ஒரு மணித்தியாலம் முந்தியே வந்துவிட்டீர்கள். பார்த்தீர்களா, கேட்டால் தருவான்தானே என்று நான் பெருமையாகச் சொன்னேன். லண்டனுக்குப் போன் எடுத்து இவருக்கும் சொன்னேன்.

பயணங்கள் நல்லாயிருந்தன, அதையும் எழுதவேண்டும். செவ்வாய் தூண். வாவியில் கப்பலில் போனோம். எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று தாளில் எழுதியிருந்தபடி இருந்தோம், நீங்கள் எழுதியபடியே எல்லாம் தெரிந்தது. வியாழன் முர்ட்டன். ஊரைச் சுற்றி மதில், மதிலுக்கு மேலே நடக்கலாம். படியடியில் நின்று, "நீங்கள் ஏறுங்கோ, நான் இருந்து பை பாக்கிறன்," என்றீர்கள். மேலே இருந்து மதுரா கையசைத்தாள். நீங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக் கையசைத்தீர்கள். என் டிஜிட்டல் கமராவில் அந்தப் படம் இருக்கிறது. நினைவு மலருக்கு அதைத்தான் கொடுத்தேன். முகம் சின்னதாக இருக்கிறது என்று அச்சகக்காரர் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமைத் தாளில் ஊருக்குள்ளேயே கரடி பார்ப்பது, பன்னிரண்டு மணிக்கு வீடு என்று இருந்தது. கரடியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது சொன்னேன். "அண்ணை, பத்தரை ரயிலுக்குப் பீலுக்குப் போறம். மாமி சமைச்சு வைச்சிருக்கிறா."

உங்கள் முகம் அப்படிப் போய் நான் முன்பு பார்த்ததில்லை. "இண்டைக்கு ஏலாது," என்றீர்கள்.

"ஏன் ஏலாது? ஒரு மணித்தியாலம்."

"எனக்கு ஒரு மணிக்கு நிக்கவேணும், தேவகி."

"உங்கடை சட்டி பானை ஒரு நாள் காத்துக்கொண்டு நிக்காதோ? மாமிக்கு எழுபத்தினாலு வயசு. என்ன கோவம் எண்டாலும் ஒருக்காப் போய் முகத்தைக் காட்டுங்கோ. செத்த வீட்டுக்குத்தான் போவியளோ?"

அதை நான்தான் சொன்னேன். அந்த வசனத்தை ஒரு வருஷமாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மதுரா தலையைக் குனிந்துகொண்டாள். நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "சரி, ஒரு மணித்தியாலம்," என்றீர்கள்.

எங்கள் வீட்டில் ஒரு மணித்தியாலம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாதா? மாமி வாசலில் நின்று உங்கள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பிறகு மேசை. முருங்கையிலை வறை, வாழைக்காய்ப் பொரியல், உருளைக்கிழங்குப் பிரட்டல், பலாக்கொட்டை போட்ட கறி, பால் சொதி, வெட்டி வைத்த மாம்பழம். விடியப்புறம் எழும்பிச் சமைத்திருந்தா. நீங்கள் ஒரு கரண்டி சோற்றோடு அளைந்துகொண்டிருந்தீர்கள். மாமியின் கண் என் பக்கம் வந்தது. பார்த்தாயா, இவன் என் கையால் சாப்பிடமாட்டான் என்கிற பார்வை. நான் கரண்டியை எடுத்தேன்.

கொஞ்சம் கழித்து நடைபாதையில் நின்று ஜெர்மன் பாஷையில் போனில் பேசினீர்கள். முதலாளியோடு பேசுகிறீர்கள் என்று நினைத்தேன். திரும்பி வந்து இருந்தீர்கள். அதற்குப் பிறகு எதையும் மறுக்கவில்லை. கேட்டுக்கூட வாங்கினீர்கள். மாம்பழத்தில் மதுராவோடு போட்டி போட்டீர்கள். மாமி சிரித்துக்கொண்டே அழுதா. நான் நினைத்த காரியம் நடந்துவிட்டது.

ஆறு மணி ரயிலில் எனக்கு எதிரில் இருந்தீர்கள். "மூண்டு வருஷத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டன், பிள்ளை," என்றீர்கள். ஹோட்டலில் வேலை செய்கிற மனுஷன் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வென்ற மாதிரி இருந்தேன்.

சனிக்கிழமை நான் எழும்பும்போது நீங்கள் காலணி போட்டுக்கொண்டிருந்தீர்கள். "நேற்றையான் ஷிப்டுக்குப் பதிலா ஒரு மூண்டு மணித்தியாலம் போட்டு வாறன். பன்னிரண்டு மணி ரயிலைப் பிடிக்கலாம். மதுராவை எழுப்பி வை," என்றீர்கள். ட்ராம் நிற்கிற இடத்தில் வாங்கில் இருந்தபடி சரிந்தீர்களாம். ஒரு வெள்ளைக்காரப் பெண் உங்கள் தலையை மடியில் வைத்திருந்தாவாம். ஒன்பது மணிக்கு மேல்மாடியில் இருக்கிற தயாபரன் அண்ணையோடு பொலிஸ் வந்து மணி அடித்தது. மதுரா காலணி போட்டு, தொப்பி போட்டு, தயாராக நின்றாள்.

உங்கள் நோயைத் தயாபரன் அண்ணைதான் சொன்னார். அதே சோபாவில் இருந்து சொன்னார். மூன்று வருஷமாக இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. திங்கள், புதன், வெள்ளி நாலு மணித்தியாலம் மெஷினில் ரத்தம் சுத்தமாக்கவேண்டும். ஹோட்டல் வேலையை எப்போதோ விட்டாயிற்று. முழுக்கைச் சட்டை, கையில் ஊசி ஏற்றி ஏற்றிப் புடைத்த நரம்பை மறைக்க. வாழைக்காய், கிழங்கு, மாம்பழம் எல்லாம் உங்களுக்கு நஞ்சு. "சத்தியம் வாங்கினவன் தங்கச்சி. நான் என்ன செய்யிறது?" என்று அழுதார்.

திங்கட்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு உங்கள் டொக்டரிடம் போனேன். அந்த மனுஷன் என்னோடு பேச மறுத்தார். உங்கள் பைலைத் திறந்து, ஒரு வரியில் விரலை வைத்தார். தயாபரன் அண்ணை வாசித்து, மொழிபெயர்க்காமல் நின்றார். என்ன எழுதியிருக்கு என்று நான் இரண்டு தரம் கேட்டேன்.

"சகோதரங்கள்: இல்லை எண்டு போட்டிருக்கு."

நான் உங்கள் தங்கச்சி என்று நிரூபிக்கவேண்டியிருந்தது. நான் கலியாணம் முடித்துப் பெயர் மாற்றியவள். பாஸ்போட்டில் அப்பாவின் பெயர் இல்லை. தயாபரன் அண்ணை வீட்டுக்கு ஓடிப்போய், உங்கள் அலுமாரியிலிருந்து அம்மா, அப்பா, நீங்கள், நான் நின்று எடுத்த படத்தைக் கொண்டுவந்தார். டொக்டர் படத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். எங்கள் மூக்கைப் பார்த்துத்தான் நம்பினாரோ தெரியாது.

வாழைக்காயிலும் கிழங்கிலும் இருக்கிற பொட்டாசியம் ரத்தத்தில் அளவுக்கு மேலே இருந்ததாம். வெள்ளிக்கிழமை வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். இருக்கலாம், ஆனால் இதயம் ஏற்கெனவே பலவீனம், நிச்சயமாகச் சொல்லமுடியாது என்றார். புதன்கிழமை ஒரு மணித்தியாலம் முந்தியே மெஷினைக் கழற்றச் சொல்லிக் கேட்டீர்களாம். வீட்டில் ஆள் வந்து நிற்கிறது என்று சொன்னீர்களாம்.

ஏன் சகோதரம் இல்லை என்று எழுதுவித்தீர்கள்? அதையும் தயாபரன் அண்ணைதான் சொன்னார். கிட்னி கொடுக்கக் கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று முதல் நாளே கேட்டிருக்கிறார்கள். நீங்கள் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து தயாபரன் அண்ணையிடம் சொன்னீர்களாம்: "தங்கச்சியிட்டைக் கேட்டால் ஓம் எண்டுதான் சொல்லுவாள். புருசனைக்கூடக் கேக்கமாட்டாள். அவளுக்குப் பிள்ளைப்பேறோடை பிறஷர் வந்தது, சின்னப்பிள்ளையும் இருக்கு. அதுதான் கேக்கேல்லை."

எனக்கு உங்கள் மேல் கோபம், அண்ணை. இந்த ஒரு வருஷத்தில் அழுததைவிடக் கோபப்பட்டது கூட. யாரைக் கேட்டு என்னை இல்லையென்று எழுதினீர்கள்? என்னிடம் சொல்லியிருந்தால் பொருந்துகிறதா இல்லையா என்று டொக்டர் சொல்லியிருப்பார். பிறஷர் எப்போதோ இறங்கிவிட்டது, அதைக்கூட நீங்கள் கேட்கவில்லை. என் ரத்தமும் உங்கள் ரத்தமும் ஒரே வகை. அதை அந்தப் பைலில் பார்த்தேன். பொருந்தியிருக்குமா என்று இங்கே என் டொக்டரிடம் போய்க் கேட்டேன். இனிப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லையே என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னா. வெளியே வந்து பஸ் தரிப்பில் நாலு பஸ்ஸை விட்டேன்.

ஊருக்கெல்லாம் மாரடைப்பு என்றுதான் சொன்னோம். அதைச் சொன்னதும் நான்தான். பேர்ணில் செத்த வீட்டுக்கு வந்த மாமி, "கடைசியா என்ரை கையாலை சாப்பிட்டான்," என்று சொல்லிச் சொல்லி அழுதா. நான் அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. ஒரு வருஷமாக எல்லோரும் அதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றுகிறார்கள். குடும்பத்தைச் சேர்த்துவைத்த பிறகுதான் போனார், உன்னால்தான் அது நடந்தது என்கிறார்கள்.

நினைவு மலரில் உண்மையைப் போடப்போகிறேன் என்று சொன்னபோது இவர் கையெடுத்துக் கும்பிட்டார். "உந்தக் கதை இப்ப ஏன்? மாமி பாவம். வயசு போன மனுஷி தாங்கமாட்டா," என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அச்சில் பார்த்து மாமி தெரிந்துகொள்ளக்கூடாது. ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை மாமிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின், பைல், வாழைக்காய், எல்லாம். உங்களில் பிழையில்லை மாமி, உங்களுக்குத் தெரியாதுதானே என்று மூன்று தரம் சொன்னேன்.

மாமி அழவில்லை. பிறகு சொன்னா: "பிள்ளை, அவன் எனக்குக் காணும் மாமி எண்டு சொல்லி, சாப்பாட்டுப் பீங்கானுக்கு மேலை கையை விரிச்சுப் பிடிச்சவன். நான் கரண்டியைத் திரும்ப வைச்சிட்டன். நீயெல்லோ அவன்ரை கையைத் தட்டிவிட்டிட்டுக் கிழங்கைப் போட்டனீ."

ஓம். நான்தான். அதை மறந்துவிட்டிருந்தேன். மறக்கவில்லை, மேலே எழுதும்போதுகூடக் கரண்டியை எடுத்தேன் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். உங்கள் கையைச் சிரித்துக்கொண்டே தட்டினேன். சின்னப்பிள்ளைக்குத் தட்டுகிற மாதிரி. உருளைக்கிழங்கு இரண்டு கரண்டி. அவித்த தண்ணியை யாரும் வடித்து ஊற்றவில்லை, நல்ல பிரட்டல். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அப்போது சொல்லியிருக்கலாமே, அண்ணை. அந்த மேசையில், அந்த நேரத்தில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் என் கிட்னியைத் தருவேன் என்ற பயத்தில், நான் போட்ட கிழங்கைச் சாப்பிட்டீர்களா?

இதற்குப் பதில் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. உங்களிடம்தான் கேட்கலாம்.

மாமி ஞாயிற்றுக்கிழமை வருகிறா. என்னோடு பேசுவாவோ தெரியாது. முதல் பக்கத்தில் மாரடைப்பை வெட்டிவிட்டு, சிறுநீரக நோய் என்று மாற்றச் சொல்லிவிட்டேன். டையையும் எடுக்கச் சொன்னேன். மதுராவுக்குப் பதின்மூன்று வயது முடிந்துவிட்டது. அவளுக்கும் சொல்லியாயிற்று. மாமா ஏன் உங்களோடு சண்டை போடவில்லை என்று அவள் என்னைக் கேட்டாள், ஆங்கிலத்தில். உன் அம்மாவோடு யார் சண்டை போட்டு வென்றார்கள் என்று இவர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமைத் தாள் இப்போதும் பிரிட்ஜ் கதவில் இருக்கிறது. நீங்கள் லண்டனுக்கு அனுப்பியது ஒன்று. உங்கள் மேசையிலிருந்து நான் எடுத்துவந்தது இன்னொன்று. பீலிலிருந்து வந்த பிறகு, அந்த வெள்ளிக்கிழமை இரவு திருத்தியது. எட்டரை ரயிலை வெட்டி, பன்னிரண்டு என்று மாற்றியிருக்கிறீர்கள். கண்டர்ஸ்டேக். மேலே தூக்கிக்கொண்டு போகிற கதிரை, வாவி, நிழல் உள்ள வாங்கு. கடைசி வரியில், 'மதுராவுக்கு ஸ்னோ. தொட ஏலாது, பாக்கலாம்.' திரும்பும் ரயிலை மட்டும் மாற்றவில்லை. பின்னேரம் மூன்று நாற்பது, கீழே இரண்டு கோடு.

இந்த யூலைக் கடைசியில் மதுராவைக் கூட்டிக்கொண்டு பேர்ணுக்குப் போகிறேன். சனிக்கிழமை கண்டர்ஸ்டேக் போவோம். வழியில் யார் வீட்டுக்கும் ஏறமாட்டேன், யார் கோவித்தாலும் சரி. நீங்கள் எழுதியபடி அந்த வாங்கில் இருந்து அவளுக்குப் பனியைக் காட்டுவேன். மூன்று நாற்பது ரயிலுக்கு மூன்று மணிக்கே வந்து நிற்பேன். இதை உங்களுக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். இனி யாருடைய பீங்கானுக்கு மேலே கை விரிந்தாலும் நான் கரண்டியைக் கீழே வைப்பேன்.

அந்தப் பைலைத் திருத்தமுடியுமா என்று தயாபரன் அண்ணையைக் கேட்கச் சொன்னேன். ஆள் இறந்தால் பைலை மூடிவிடுவார்களாம். மூடினதில் ஒரு எழுத்தும் மாற்ற ஏலாதாம். ஆகவே இங்கே எழுதுகிறேன். ஹரோவில் இருக்கிற எல்லோரும் வாசிக்கிற மாதிரி, அச்சில்.

சகோதரங்கள்: ஒருத்தி.
உங்கள் தங்கச்சி தேவகி